சாக்ஸபோனுக்கு மல்லிகை மாலை

எங்கள் பேண்டு மாஸ்டர் தவினுக்குப் புதுப் பாட்டு ஒன்று பிறந்துவிட்டால் கால் தரையில் நிற்காது. அன்றைக்கு அந்தக் கால்தான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது.

உலகப்போர் முடிந்த மறுவருடம், அயுத்தயா பக்கம் ஒரு விகாரைத் திருவிழா. அறுவடைப் படகுப்பாட்டை எடுத்து, டிரம்பெட், சாக்ஸபோனோடு ரனாத் என்ற எங்கள் ஊர் மரக்கட்டை வாத்தியமும் சேர்ந்து முழங்கும்படி தவின் மெட்டுப் போட்டிருந்தார். அதுவரை யாரும் துணியாத வேலை. பித்தளைச் சத்தம் கேட்டாலே எங்கள் ஜனம் நூடுல்ஸ் கடைப் பக்கம் நழுவிவிடும்.

"முதல் பாட்டுக்கு யாரும் ஆட வரலேன்னா கூத்துக்காரங்கள மேடையேத்திடுவேன். அப்புறம் இந்தப் பக்கமே வராதீங்க" என்று விழாத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். நான் என் டிரம்பெட்டை இன்னொரு தடவை துடைத்து வைத்தேன்.

ரனாத் வாசிப்பவள் லம்ஜியாக். கைக்கு இருக்கிற வேகம் வாய்க்கும் உண்டு. எங்கள் சுருதிக்கு ஒத்துவர, மரக்கட்டைகளைப் பாயில் கவிழ்த்துப் போட்டு அடியில் தேன்மெழுகும் ஈயமும் அப்பிக்கொண்டிருந்தாள்.

"கடைசி வரிய மாத்திட்டேன்" என்றபடி ஓடிவந்த தவின், அந்தக் கட்டைகளை ஒரே எட்டில் தாண்டினார்.

அட பாவி மனுஷா. வாத்தியத்தில் குருமார்கள் குடியிருக்கிறார்கள், தாண்டக்கூடாது என்று பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. லம்ஜியாக் மெழுகைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் வாசிக்கல மாஸ்டர்."

"அக்கா, தெரியாம தாண்டிட்டேன். மன்னிச்சிருங்க."

"எங்கிட்ட எதுக்கு? குருமாருங்ககிட்ட கேளுங்க. உங்க பித்தளைங்களையும் கொண்டாங்க. அதுங்க என்னைக்காவது குருவக் கும்பிட்டிருக்கா?"

தவின் ஊதுபத்தி ஏற்றி, வெள்ளைக்கோட்டோடு பாயில் மண்டியிட்டார். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ரனாத்தின் பக்கத்தில் படுத்துக்கொண்டன. நெற்றி தரையில் பட அவர் கும்பிட்டார், பின்னால் நாங்களும். நூடுல்ஸ் கடையில் நின்றவர்கள் கிண்ணத்தோடு மேடையடிக்கு வந்துவிட்டார்கள். கூட்டத்திலிருந்து ஒருத்தி மல்லிகை மாலையை நீட்டினாள். லம்ஜியாக் அதை வாங்கி சாக்ஸபோன் கழுத்தில் போட்டாள்.

"இனி இதுவும் நம்ம வீட்டுப் புள்ள. எழுந்திரிங்க, நேரமாவுது."

படகுப்பாட்டு கிளம்பியது. முதல் ஆளாகத் தலைவரே கிண்ணத்தை யார் கையிலோ திணித்துவிட்டு இறங்கினார். அடுத்த வரிக்குள் மேடைக்குக் கீழே ஆடுகிறவர்களின் வட்டம் நிறைந்துவிட்டது. எங்களை இறக்கிவிட்டு ஏறவேண்டிய கூத்துக்காரர்களும் பூசிய அரிதாரத்தோடு அதில் ஆடினார்கள். எனக்கு ஊத முடியாதபடி சிரிப்பு.

தவினுக்கோ கண்ணெல்லாம் நீர். தானும் ஆட வேண்டுமென்று மேடை விளிம்புக்குத் துள்ளியவர், குறுக்கே ரனாத் இருப்பதைப் பார்த்துச் சட்டென்று நின்றார். கும்பிட்டபடி மேடையின் பின்பக்கம் முழுக்கச் சுற்றிக்கொண்டு போய் இறங்கினார்.