தண்ணீரில் ஏறிய கோடு

கோடே ஏறக் கூடாத வெறும் தண்ணீர்ச் சிமிழுக்கும் ஆய்வகத் திரையில் கோடு ஏறியிருந்ததைப் பிரோஷ்கா மறுநாள் காலையில்தான் கவனித்தாள். முந்தின நாள் வெண்டெல் என்ற நோயாளியின் ரத்தத்துக்கு ஏறிய கோட்டை மட்டும் பார்த்துவிட்டு, 'இருக்கிறது' என்று மருத்துவருக்கு முடிவை அனுப்பியிருந்தாள்.

வெண்டெல் செகெட் நகரில் முப்பது வருஷம் டிராம் ஓட்டியவர். புராஸ்டேட் புற்றுநோய். பழைய ஊசி கேட்கவில்லை. இனி புது மாத்திரையா, கீமோவா என்பதுதான் கேள்வி. அந்தச் செல்களில் ஆண் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பி ஒன்று உண்டு. மாத்திரை அதன் வாலில் ஒட்டிக்கொண்டு அதை அடக்கும். சிலருக்கு, மரபணுவின் செய்தியை வெட்டி ஒட்டும்போது செல் வேறு இடத்தில் வெட்டிவிடும். வால் இல்லாத குட்டை ஏற்பி பிறக்கும். கைப்பிடி கழன்ற வாணலி மாதிரி, மாத்திரைக்குப் பிடிக்க இடமே இருக்காது. ரத்தத்தில் இந்தக் குட்டையின் செய்தி இருந்தால் திரையில் கோடு ஏறும்; ஏறினால் கீமோதான். அவருக்குத் திங்கட்கிழமை நாள் குறித்தாகிவிட்டது.

எங்கே தவறியது என்று தேட வேண்டியிருக்கவில்லை. குட்டை ஏற்பி நிச்சயமாக உள்ள செல்களின் சாற்றையும் ஒப்பிட வைப்பார்கள். அதைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். அவள் அவசரத்தில் அதை முதலில் திறந்து, அதே கையுறையோடு மற்றவற்றைத் தொட்டிருந்தாள். ஊசிமுனை அளவு ஒட்டினாலே போதும், தண்ணீருக்கும் கோடு ஏறிவிடும்.

ஆய்வகத் தலைவி இபோயா திரையைக் குனிந்து பார்த்தாள்.

"ஏண்டி, பச்சத் தண்ணிக்குமா புத்துநோய் வரும்?"

"தப்பு என்னுதுதான்க்கா."

"டாக்டர்கிட்ட சொல்லு. அந்த மனுஷன்கிட்டயும் நீயே சொல்லு. பூசி மெழுகாதே."

டாக்டரிடமும் அவரிடமும் அவள் தவறைச் சொன்னாள். அன்றே வெண்டெல் வந்து, ரத்தம் எடுக்க மறுபடி கையை நீட்டினார்.

"எடுத்துக்கோம்மா. நானும் ரெண்டு தடவை ஸ்டாப்பிங்ல நிறுத்தாம போயிருக்கேன். திட்டிக்கிட்டே இறங்கி நடந்தாங்க."

சிரித்துக்கொண்டே பஞ்சை அழுத்திப் பிடித்தார். அவரைவிட அவளுக்குத்தான் பயம்.

இந்த முறை ஒப்பீட்டுச் சாற்றை அடுத்த அறையில் வைத்தாள். தண்ணீர் சும்மா கிடந்தது. வெண்டெலின் கோடும் எழவில்லை. ரத்தமே கெட்டுவிட்டதோ என்று முழு ஏற்பியின் கோட்டைப் பார்த்தாள். அது ஒழுங்காக ஏறியிருந்தது. இபோயா தன் கையால் இன்னொரு முறை செய்தாள். அதே முடிவு. மாத்திரை கேட்க வாய்ப்பு உண்டு. எத்தனை காலத்துக்கு என்பது யாருக்கும் தெரியாது.

மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அவளே போன் செய்தாள்.

"ஐயா, அந்தக் குட்டை இல்லை. திங்கட்கிழமை கீமோ வேண்டாம், மாத்திரை ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார்."

வெண்டெல் உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிடுவது கேட்டது.

"இரும்மா. என் வீட்டுக்காரிகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனச்சுக்குவா."

போன் கைமாறியது. பிரோஷ்கா அதையே இன்னொரு முறை நிதானமாகச் சொன்னாள். மறுமுனையில் நாற்காலி இழுபட்டது; யாரோ அதில் பொத்தென்று உட்கார்ந்தார்கள். அடுப்பில் எதுவோ பொங்கி வழிந்து உஸ்ஸென்றது. அணைக்க யாரும் எழுந்திருக்கவில்லை.