தம்பியின் குதிக்கால்

குருநகரில் வலை தைத்துப் பிழைத்த ஜெசிதா, இருபத்துநாலு வயதில் ஒரு ஞாயிறு கோயில் படியேற முடியாமல் நின்றுவிட்டாள். தொடைத் தசையில் ஒரு துண்டு வெட்டிச் சோதித்தார்கள். உள்ளே அழற்சி என்று சொல்லி, அதை அடக்கக் குளிசை தந்தார்கள். இரண்டு வருடம் தவறாமல் விழுங்கினாள். முகம் ஊதியது, கால் தேறவில்லை. ஆனாலும் அந்தக் குளிசையைத்தான் அவள் மலைபோல நம்பியிருந்தாள்.

கிளினிக்குக்குப் புதிதாக வந்த பெண் டொக்டர் அவளுடைய இரத்தத்தில் செய்வித்த பரம்பரையலகுச் (மரபணு) சோதனையின் முடிவைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கதைத்தார். தம்பி லெனாட் அவள் இருந்த கதிரைக்குப் பின்னால் நின்றான்.

"அழற்சி இருக்குத்தான், பிள்ளை. ஆனா நோய் அதிலை தொடங்கேல்லை. தசையின்ரை மேல்தோல் கிழிஞ்சா ஒட்டிற சத்து உங்களுக்குப் பிறப்பிலையே இல்லை. கிழிஞ்ச இடத்துக்கு உடம்பின்ரை காவல்காரர் ஓடி வருகினம். அதாலைதான் அழற்சி. அவையை அடக்கினாலும் கிழியிறது நிக்காது. இந்தக் குளிசை உதவாது. சடாரெண்டு விடப்படாது, மெல்லக் குறைப்பம்."

"பிறகு என்ன தருவியள்?"

"இப்போதைக்கு மருந்து இல்லை." டொக்டர் கோப்பைப் புரட்டியபடி கேட்டார். "அம்மாவும் அப்பாவும் சொந்தமோ?"

"ஓம், மச்சான் மச்சாள்."

"அப்ப தம்பியையும் பாக்க வேணும்."

"எனக்கு ஒண்டுமில்லை. நான் கடலுக்குப் போறனான்" என்றபடி லெனாட் வெளியேறினான்.

ஜெசிதா சுவரைப் பிடித்துப் பிடித்து அவன் பின்னால் போனாள்.

"டொக்டர் என்னைச் செய்யச் சொன்ன மாதிரி நுனிக்காலிலை நில்லு, பாப்பம்."

அவன் எத்தனித்தான். குதிக்கால் நிலத்தை விட்டு எழவில்லை.

"எப்ப தொடக்கம்?"

"ஆறு மாசம்." அவன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். "உன்ரை மருந்துத் துண்டைக் காட்டி பாமசியிலை அதே குளிசை வாங்கிக் குடிக்கிறன், அக்கா. நேரத்தோடை குடிச்சா உன்னை மாதிரி ஆகமாட்டன் எண்டு நினைச்சன்."

அவனை அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு. தான் விழுந்தால் தூக்க இவன் இருக்கிறான் என்றுதானே இத்தனை நாளும் தாங்கியிருந்தாள்.

"இண்டையோடை விட்டிடுறன்" என்றான் அவன்.

"டொக்டர் சொன்னது கேக்கேல்லையோ? அப்பிடி விடப்படாது. உள்ளுக்கு வா."

அவன் அசையவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பவும் அறைக்குள் போனாள். டொக்டர் அவனுடைய பெயரைக் கேட்டார். ஜெசிதாதான் சொன்னாள். டொக்டர் எழுதத் தொடங்கியதும் லெனாட் விம்மினான். அவன் ஆறு மாதம் விழுங்கிய குளிசையின் கணக்கையும் அவளே சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து வந்த அவனுடைய முடிவிலும் அதே நோயின் பெயர்தான் இருந்தது.