நான்காவது ஜாடி

வாருங்கள், வாசகர்களே, இந்த அடுக்களைக்குள் வந்து நில்லுங்கள்! ஃபிரிட்ஜின் நடுத்தட்டிலிருக்கும் பெரிய கண்ணாடிக் கிண்ணத்தைப் பாருங்கள். நேற்று அதில் டாக்கோ சாலட் என்ற மெக்சிகோ நாட்டுக் கலவை அடுக்கு மாளிகையாய் நிமிர்ந்து நின்றது. இன்று அடியில் புளிப்புச் சாற்றில் ஊறிய ராஜ்மா மட்டும் கிடக்கிறது. அதைச் சுரண்டித் தின்பவள் யார்? அந்த மாளிகையைக் கட்டியவளே! கொள்ளை என்று இதை யாரும் சொல்லமாட்டார்கள். ‘அவளுக்குப் பங்கு எடுத்து வைத்திருக்கிறோம்’ என்பதுதான் அந்த வீட்டின் பேச்சு.

அவள் நகரப் பேருந்து ஓட்டுநர். விடியுமுன் வண்டியெடுத்து, பிற்பகலில் பசியோடு திரும்புபவள். அதற்குள் மாமனார், கணவர், கொழுந்தன் மூவரும் கரண்டியை மேலாக ஓட்டி, சீஸையும் கொத்துக்கறியையும் வழித்திருப்பார்கள். எத்தனை வாரம் பொறுப்பாள்?

ஒரு மாலை அவள் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நான்கு ஜாடிகளைத் துடைத்து வரிசையாக நிறுத்தினாள். அடியில் எலுமிச்சைச் சாறு கலந்த சாஸ். அதன்மேல் ராஜ்மா, சோளம், தக்காளி. பிறகு நன்றாக ஆறிய கொத்துக்கறி, சீஸ். உச்சியில் ஈரம் துடைத்த லெட்டூஸ் கீரை. சிப்ஸ் மட்டும் தனி டப்பாவில். நான்கிலும் எல்லா அடுக்கும் ஒரே அளவு; ஆளுக்கு ஒன்று, மூடியில் அவரவர் அடையாளம்.

“என்ன அண்ணி, ரேஷன் கடையா?” என்று கைபேசிக் கடை வைத்திருக்கும் கொழுந்தன் சிரித்தான். ரேஷன் கடையிலாவது வரிசை உண்டு என்று அவள் பதில் சொன்னதும், பேப்பருக்குப் பின்னாலிருந்த மாமனாருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

மறுநாள் வேலை முடிந்து வந்தவள் ஃபிரிட்ஜைத் திறந்தாள். மாமனாரும் கணவரும் சாப்பிட்ட ஜாடிகள் தொட்டியில் கிடந்தன. உள்ளே ஒன்றே ஒன்று இருந்தது. அதன் மூடியில் கொழுந்தனின் அடையாளம். இன்னொன்று எங்கே என்று கேட்டாள்.

“ஃப்ரெண்டு வந்தான் அண்ணி. வெறும் வயித்தோட அனுப்ப முடியுமா? அதான் உங்களோடத எடுத்துக் கொடுத்தேன்.”

“உங்களோடதும் இருந்துச்சே தம்பி?”

“அது என்னோடதாச்சே. சாயந்தரம் சாப்பிடலாம்னு வெச்சிருக்கேன்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. மிச்சமிருந்த ஜாடியை எடுத்து மூடியைத் திருகினாள். சிப்ஸை நொறுக்கித் தூவி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணி, அது என்னோடது.”

“உங்களோடதைத்தான் உங்க ஃப்ரெண்டு சாப்பிட்டுட்டுப் போயிட்டாரே. நல்ல மனசு தம்பி உங்களுக்கு. இது என்னோடது.”

சின்னவன்தானே, விட்டுக்கொடு என்று கணவர் இழுத்தார். மீசை முளைத்த சின்னவனுக்குக் கையும் முளைத்திருக்கிறது, அடுத்த முறை அவரும் தம்பியுமே செய்யட்டும் என்றாள். சொல்லிவிட்டு ஜாடியை வழித்துத் தின்றாள்.

அண்ணனும் தம்பியும் அடுத்த வாரம் அடுக்களையில் இறங்கினார்கள். அவசரக் குடுக்கைகள்! கொதிக்கும் கறியைக் கொட்டி, அதன்மேல் லெட்டூஸைத் திணித்து, அப்படியே மூடிவிட்டார்கள். மறுநாள் பிற்பகல் அவள் திரும்பியபோது மூடியெல்லாம் வியர்த்து, கீரை துவண்டு கிடந்தது. மூன்று ஆண்களும் முகம் சுளித்தார்கள்.

“எனக்கு எத்தனை நாள் இப்படித்தான் இருந்துச்சு,” என்றாள் அவள். நான்கு ஜாடியும் சமமாகத்தான் வாடியிருந்தது. அந்த வீட்டில் முதன்முதலாக எல்லோரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள்.

அதற்கடுத்த முறை கொழுந்தன் கறியை விசிறி ஆறவைத்தான். முதலில் நிரப்பி முதலில் மூடிய ஜாடியில் ஒரு பேருந்தை வரைந்து ஒட்டினான். பேருந்து எருமைபோல இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

வாசகர்களே, கைதட்டிக் கலைந்து போகாதீர்கள். எழுந்து உங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறங்கள். சமைத்தவளின் பங்கு எங்கே என்று தேடுங்கள். அடியில் கிடந்தால் வெட்கப்படுங்கள். வெட்கத்தோடு நின்றுவிடாமல் கரண்டியை எடுங்கள். இன்றைக்கு அவள் ஜாடியை முதலில் நிரப்புங்கள்!