சாய்ந்து பார்

எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து சனி ஞாயிறுகளில் மாத்தளைக்குப் பஸ்ஸேறிப் போய் நவீன நடனம் பழகினாள் சந்திரகாந்தா. வயது இருபது. பாட்டே இல்லாமல், வெறுங்காலோடு தரையில் உருண்டு புரண்டும் ஆடலாம் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொழுந்து பறிக்கும்போதும் இடுப்பு தானாகத் திரும்பும். கங்காணி சத்தம் போடுவார்.

2008 மே மாதம் கண்டியில் முதல் மேடை. குழுவில் அவள் ஒருத்திதான் தமிழ். ஒரு கட்டத்தில் அவள் கண்ணை மூடிப் பின்பக்கமாகச் சாய வேண்டும். பல்லேபொலயைச் சேர்ந்த சிங்களப் பையன் துஷார தாங்கிப் பிடிக்க வேண்டும்.

மேடைக்கு இரண்டு வாரம் இருக்கையில், இராணுவத்திலிருந்த துஷாரவின் அண்ணன் வன்னியில் புலிகளோடு நடந்த சண்டையில் செத்துப்போனான்.

"அந்த வீட்டுக்கா போறே? யாராச்சும் கையை வச்சுட்டா என்னடி செய்வே?" என்று வழிமறித்தாள் அம்மா அழகம்மா.

"கூட ஆடுறவன் அம்மா. போகாம இருக்க முடியுமா?"

போனாள். யாரும் வம்புக்கு வரவில்லை. துஷார மட்டும் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அது அவளைக் குடைந்தது.

அடுத்த வாரம் ஒத்திகைக்கு வந்தான். அவள் சாய்ந்தாள். அவன் கைகள் வரவில்லை. முதுகு பலகைத் தரையில் மோதியது.

"தவறிப்போச்சு," என்றான் சிங்களத்தில்.

"தவறலை. நீ கையை இழுத்துக்கிட்டே," என்றாள் அவளும் சிங்களத்தில்.

அவன் மறுக்கவில்லை. "உன் மேல தப்பில்லைன்னு தெரியும். ஆனா கை சொன்னபடி கேக்கல."

அவனுக்குப் பதில் வேறு ஆளைப் போடலாம் என்றார்கள் குழுவினர். நாலைந்து நாள் அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு நேரம் கோபம், ஒரு நேரம் பயம். சனிக்கிழமை மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவனிடம் நேரே போனாள்.

"நீ சாய். நான் தாங்குறேன்."

"நீயா? என் பாரம் தெரியுமா?"

"கொழுந்து சுமக்குற முதுகு இது. சாஞ்சு பாரு."

முதல் தடவை இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். ஐந்தாம் தடவை அவன் அவள் முதுகில் முழுப் பாரத்தையும் விட்டான். அவள் காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள், விடவில்லை. அவன் விம்முவது அவள் முதுகில் தெரிந்தது.

கண்டியில் அப்படியே ஆடினார்கள். அதோடு துஷார ஆட்டத்தை விட்டுவிட்டான். அம்மாவோடு இருக்க வேண்டும் என்றான். சந்திரகாந்தாவைக் கொழும்புக் குழுவொன்று ஆறு மாதப் பயிற்சிக்குக் கூப்பிட்டது.

கொழும்புக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில், தமிழ்ப் பெண் என்று அவளை மட்டும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பொலிஸ்காரி அடையாள அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"என்ன தொழில்?"

"நடனம்," என்றாள். அப்படி வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.