கொண்டைக்காரியின் ஆறு முட்டைகள்

நாத்தனார் முந்தானையில் ஆறு முட்டைகளை ஏந்திக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்தபோது அண்ணிக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தால் யாருக்குத்தான் வராது?

"அண்ணி, என் கொண்டைக்காரியைப் பூனை தூக்கிட்டுப் போயிடுச்சு. கடைசியா அவ இட்ட முட்டைங்க இது. உங்க மெஷின்ல ஒரு ஓரமா..."

நாத்தனாருக்கு அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. தலையில் பஞ்சுப்பந்து போலக் கொண்டை வைத்த கோழி அது. புருஷன் வெளியூர் வேலைக்குப் போன பிறகு மாடியில் அவளுக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை.

"அதுக்கென்ன, தாராளமா வை. நானும் நேத்துதான் இருபது வச்சேன்" என்றாள் அண்ணி. குரலில் தேன் ஒழுகியது.

முட்டை பொரிக்கும் அந்த இன்குபேட்டர் அவளே செய்தது. மீன் வரும் தெர்மாகோல் பெட்டி, இரண்டு பல்பு, ஒரு குட்டி மின்விசிறி, ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். போன முறை ஓடுகள் விரியத் தொடங்கிய அன்று அவள் கடைக்குப் போயிருந்தாள். மாடியில் பிளக் வேலை செய்யவில்லை என்று நாத்தனார் கீழே வந்து, பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி இஸ்திரிப்பெட்டியைச் சொருகி, ஒரு மூட்டைத் துணியையும் தேய்த்துவிட்டு அப்படியே போய்விட்டாள். அண்ணி வெகுநேரம் கழித்துத் திரும்பியபோது பெட்டி சில்லென்று கிடந்தது. ஓட்டைகளில் அலகு மட்டும் நீட்டியபடி அத்தனையும் செத்திருந்தன.

அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். மறுநாள் தெருக்குழாயடியில் அவள் காதுபட நாத்தனார் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"எங்க அண்ணிக்கு அடைகாக்கிற ராசியே இல்லக்கா. வயித்துலயும் இல்ல, பெட்டியிலயும் இல்ல."

குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் மடி வெறுமையாக இருப்பவளுக்கு அந்தச் சிரிப்பு எங்கே போய்த் தைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அவளுடைய முறை. அதற்கு அவள் எதுவும் செய்யக்கூட வேண்டாம். அடையில் இருக்கும் கோழி முட்டைகளை அலகால் புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாவிட்டால் உள்ளே உருவாகும் உயிர் ஓட்டோடு ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். பெட்டியில் அந்த வேலையைக் கைதான் செய்ய வேண்டும். அவள் தன் முட்டைகளில் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல்குறி போட்டிருந்தாள். காலையிலும் மாலையிலும் குறி மேலே, குறி கீழே என்று மாற்றி வைப்பாள். நாத்தனாரின் முட்டைகளில் குறியே போடவில்லை. மூலையில் வைத்தவள் அவற்றை விரலால்கூடத் தொடவில்லை.

அவள் சாமி கும்பிடாமல் பச்சைத்தண்ணீர் பல்லில் படாதவள். அந்த நாட்களிலும் கும்பிட்டாள். "கடவுளே, நான் ஒண்ணும் செய்யலையே. சும்மாதானே இருக்கேன்?" என்று அவரிடமே வாதாடினாள்.

நாத்தனார் தினமும் படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். "எப்படி இருக்காங்க அண்ணி என் புள்ளைங்க?"

"சமத்தா தூங்கறாங்க."

நடுவில் ஒருநாள் டார்ச் வெளிச்சத்தில் முட்டைகளுக்குள் பார்த்தாள். தன்னுடையவை எல்லாம் நன்றாகவே இருந்தன. பிறகு, செத்துக் கிடப்பதைக் கண்குளிரப் பார்க்கலாமே என்று நாத்தனாரின் முட்டை ஒன்றை எடுத்தாள். உள்ளே சிவப்பு நரம்புகள் வேர் போலப் பரவியிருந்தன. நடுவே ஒரு கறுப்புப் புள்ளி துடித்தது. அடுத்ததும் அப்படியே. ஆறும் உயிரோடு இருந்தன.

"நீயும் அவ கட்சிதானா?" என்று மேலே பார்த்துக் கேட்டாள்.

அவளுடைய இருபதில் பதினெட்டு பொரிந்தன. ஈரம் காய்ந்ததும் குஞ்சுகளைக் கூரையிலிருந்து பல்பு தொங்கும் அட்டைப்பெட்டிக்கு மாற்றினாள். ஒருநாள் பிந்தி வைத்த ஆறு மட்டும் இன்குபேட்டரில் மிஞ்சின. மறுநாள் காலை அவற்றிலும் விரிசல் விழுந்து, ஓட்டைகளில் அலகுகள் தெரிந்தன. போன முறை பார்த்த அதே கோலம்.

மேஜைமேல் கணவனின் சட்டை கிடந்தது. பக்கத்தில் இஸ்திரிப்பெட்டி. சுவரில் ஒரே பிளக்.

பிளக்கைப் பிடுங்கினாள், இஸ்திரிப்பெட்டியைச் சொருகினாள். பல்புகள் அணைந்தன, மின்விசிறி ஓய்ந்தது. சட்டையின் வலது கையை நிதானமாகத் தேய்க்கத் தொடங்கினாள். சூடு குறையக் குறைய உள்ளேயிருந்து கீச்சுச் சத்தம் கூடியது. அட்டைப்பெட்டியிலிருந்து அவளுடைய குஞ்சுகள் பதில் கொடுத்தன. ஒன்று கத்த, பதினெட்டும் சேர்ந்து கத்தின. காதைப் பொத்திக்கொண்டால் எந்தக் கையால் தேய்ப்பது?

பேக்கரியில் ராவேலை முடித்துக் கணவன் வந்தான், புருவத்தில் மாவோடு. "மாவு வியாபாரியைப் பார்க்கப் போகணும், சட்டை..." என்று ஆரம்பித்தவன் இருண்ட பெட்டியைப் பார்த்தான்.

"அடடே, என் சட்டைக்காக இதைப் பிடுங்கிட்டியா? மறதிக்குப் பொறந்தவளே!" என்று சிரித்தான். "தினமும் அப்படித்தான். உன் இருபதையும் புரட்டிடுவ, இந்த ஆறை மட்டும் மறந்துடுவ. நீ தண்ணி பிடிக்கப் போற நேரத்துல நான்தான் புரட்டி வைப்பேன். ரொட்டின்னா ஒரு பக்கமா இருந்தா கருகும், இது ஒட்டிக்குமே! சொன்னா, மறந்துட்டோமேன்னு சங்கடப்படுவியேன்னு சொல்லல."

இஸ்திரிப்பெட்டி அவள் கையில் அப்படியே நின்றது. யாருக்கும் தெரியாமல் அவள் கொன்றுகொண்டிருந்ததை, யாருக்கும் தெரியாமல் ஒருவன் காப்பாற்றிக்கொண்டிருந்தான். அதுவும் அவள் மனம் நோகக்கூடாதே என்பதற்காக.

பிளக்கை மாற்றிச் சொருகினாள். பல்புகள் எரிந்தன.

"நான் மறக்கலைங்க" என்றாள். "ஒரு நாளும் மறக்கல. இன்னைக்கும்."

அவன் சிரிப்பு நின்றது. அவளைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். பிறகு சட்டையை எடுத்து, ஒரு கை மடிப்போடும் மறு கை கசங்கலோடும் அப்படியே போட்டுக்கொண்டான்.

"வியாபாரி மாவைத்தான் பார்ப்பான், என் கையை இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலத்துக்குள் ஐந்து வெளியே வந்தன, தலையில் பஞ்சுப்பந்தோடு. ஆறாவது அலகை நீட்டியபடியே அடங்கிவிட்டது. குளிராலா, வேறு எதனாலா என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்கத் தேவையில்லை.

ஐந்தும் காய்ந்த பிறகு நாத்தனாரைக் கூப்பிட்டாள். அவள் இரண்டிரண்டு படியாகத் தாண்டி வந்தாள். கொண்டைகளைப் பார்த்ததும் வாய்மேல் கை வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு போச்சு. என்னாலதான்" என்றாள் அண்ணி. "நானும் பிளக்கைப் பிடுங்கினேன். உன்னை மாதிரி கவனமில்லாம இல்ல, வேணும்னே."

நாத்தனாரின் முகம் சுண்டியது. கத்துவாள் என்றுதான் அண்ணி காத்திருந்தாள். கத்தட்டும், வாங்கிக்கொள்ளலாம்.

"குழாயடியில நான் சொன்னது..." என்று நாத்தனார் ஆரம்பித்தாள். முடிக்க வரவில்லை. முடித்துக்கொடுக்க அண்ணிக்கும் மனம் வரவில்லை. அந்தக் காயம் அப்படியேதான் இருந்தது.

தண்ணீர்க் கிண்ணத்தை நடுவில் நகர்த்தினாள்.

"இங்க பாரு, இதுங்களுக்குக் குடிக்கத் தெரியாது. அலகு நுனியை மட்டும் ஒரு தடவை நனைச்சு விடணும். மூக்குல ஏறிடாம."

நாத்தனார் ஒரு குஞ்சை எடுத்தாள். அதன் அலகு தண்ணீருக்குள் ஆழமாகப் போகப் பார்த்தது. அண்ணி அந்தக் கையின் கீழே தன் கையைக் கொடுத்தாள்.