இடுக்கில் கலங்கிய தண்ணீர்

கசில்டா முதலில் பார்த்தது பைன் ஊசிகளைத்தான். காலையிலிருந்து பச்சைக் கண்ணாடி போல் கிடந்த தண்ணீரில் அவை கொத்துக் கொத்தாக மிதந்து வந்தன. பாறைகளுக்கு நடுவே தெரிந்த வானம் நீலமாகத்தான் இருந்தது. ஆனால் மழை இங்கே பெய்ய வேண்டியதில்லை. மேலே, குவெங்கா மலைகளில் பெய்தாலே வெள்ளம் இங்கே வந்துவிடும்.

பதினோரு வருடமாக அவளும் கணவன் பிளாஸும் இந்தச் சுண்ணாம்புப் பாறை இடுக்கு வழியாக ஆட்களைக் கயிற்றில் இறக்கி, நீந்த வைத்து, அடிவாரத்து ஏரியில் கரையேற்றி வருகிறார்கள். இன்று வந்தவர்கள் இருவர்: மோத்தில்யா ஊரில் கறிக்கடை வைத்திருக்கும் எவுத்திமியோ, அவருடைய மகள் சக்ராரியோ. கடைசி அருவியில் கயிறு கட்டி பிளாஸ் முன்னால் இறங்கியிருந்தான்.

"அண்ணே, ரெண்டு பேரும் அந்தப் பாறை மேல ஏறுங்க. இப்பவே" என்றாள் கசில்டா.

"என்னம்மா, இன்னும் ஒரே ஒரு இறக்கம்தானே? இங்க பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு என்ன பண்றது?"

"தண்ணி நிறம் மாறுது. இனிமே யாரும் கீழ இறங்கக் கூடாது."

"இதுக்கு எங்க வீட்டு மொட்டை மாடியிலயே ஏறி உக்காந்திருக்கலாம்."

"அப்பா, வாயை மூடிட்டு ஏறுங்க" என்று மகள் அவரைப் பின்னாலிருந்து தள்ளினாள்.

கசில்டா மூன்று முறை விசில் அடித்தாள். எல்லாவற்றையும் போட்டுவிட்டு மேலே ஏறு என்று அர்த்தம். கேட்டதற்கு அடையாளமாக பிளாஸ் ஒரு நீண்ட விசில் அடிக்க வேண்டும். அருவியின் இரைச்சல் மட்டுமே வந்தது. மறுபடி அடித்தாள். பதிலே இல்லை.

தண்ணீர் காபி நிறத்துக்கு மாறியது. அவள் கயிற்றைப் பிடித்தபடி கீழே ஒரு எட்டு வைத்தாள். எவுத்திமியோ அவளுடைய இடுப்புப் பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கண்ணே. அவர் கீழ இருக்கார்."

"தெரியும். யாரும் இறங்கக் கூடாதுன்னு நீதானேம்மா சொன்ன."

அவர் கையில் ஓங்கி அடித்தாள். அவர் விடவில்லை, அவளை அப்படியே மேலே இழுத்தார். அவள் கால் பாறையில் பட்டதும், இடுக்கு முழுக்க அதிர, மரக்கட்டையும் கல்லுமாக வெள்ளம் பாய்ந்து வந்தது. அவள் நின்றிருந்த இடம் இருந்த சுவடே தெரியவில்லை. பிளாஸின் கயிறு ஒரு முறை விறைத்து அறுந்துபோனது.

மூன்று மணி நேரம் அந்தப் பாறையில் ஒண்டிக் கிடந்தார்கள். எவுத்திமியோ பட்டையிலிருந்து கையை எடுக்காமல், இரத்தத் தொத்திறைச்சிக்கு எவ்வளவு வெங்காயம் போட வேண்டும் என்று என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார். கசில்டாவின் காதில் எதுவும் ஏறவில்லை. கயிறு அறுந்த சத்தம்தான் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெள்ளம் வடிந்ததும் மாற்றுக் கயிற்றில் அவள் முதலில் இறங்கினாள். இரண்டாள் உயரத்தில், கழுகு எச்சத்தால் வெளுத்த ஒரு பொந்தில், முழங்கால் வீங்கி பிளாஸ் உட்கார்ந்திருந்தான்.

"விசில் கேக்கலையா?"

"இல்ல. மண் வாசம் வந்துச்சு, ஏறிட்டேன். நான் எத்தனை தடவை அடிச்சேன் தெரியுமா? உனக்கும் கேக்கலையா?"

கயிற்றில் தொங்கியபடியே அவள் அவனுடைய வீங்காத காலைப் பிடித்துக்கொண்டாள்.

ஏரிக்கரை சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. வண்டி சாவியை அவள் சக்ராரியோவிடம் கொடுத்தாள். மறுநாள் காலையிலேயே கசில்டா, சனிக்கிழமை வரவிருந்த ஆறு பேருக்கும் போன் செய்து வர வேண்டாம் என்றாள். பிளாஸ் பக்கத்திலேயே இருந்தான். பட்டியலில் அடுத்த எண்ணை அவனே வாசித்துக் கொடுத்தான்.