அரிசித் தட்டில் முதல் எழுத்து

எங்கள் லைன் வீடுகளுக்கு ஒரே ஓட்டுக் கூரை. வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் எல்லப்பன் செங்கல்லில் மிச்சம் பிடித்ததால் எந்தச் சுவரும் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். சரசம்மா ஒட்டுக் கேட்கிறாள் என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் என் அடுப்படியில் வந்து நின்று பார்க்கட்டும்.

பக்கத்து வீட்டில் கருப்பசாமி. ஓசூரில் வரிசையாகக் கம்பெனிகள் எழும்பிய காலத்தில் கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்தவன். என் வீட்டுக்காரர் ஆஞ்சப்பன் வேலை பார்க்கும் அதே பம்பு கம்பெனியில் லேத் ஓட்டினான். வீட்டில் கன்னடம் பேசும் கெலமங்கலத்து ஜெயமணியைக் கட்டிக்கொண்டான். அது தக்காளி மண்டியில் தொடங்கிய கதை; இப்போது வேண்டாம்.

இப்போது விஷயம் அவர்களுடைய பெண் குழந்தை. பெயரில் தகராறே இல்லை. மஞ்சுளா. தமிழுக்கும் பொருந்தும், கன்னடத்துக்கும் பொருந்தும், இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டார்கள். தகராறெல்லாம் அந்தப் பெயருக்கு முன்னால் எந்த எழுத்து நிற்பது என்பதில்தான்.

ஜெயமணியின் அப்பா கிருஷ்ணப்பன், ஊர் எழுத்து முதலில், அப்பன் எழுத்து அடுத்து என்றார். அவர்கள் பக்கத்து வழக்கம் அது. "ஊர் பேர் இல்லாத மனுசன் வழி தப்புன மாடு மாதிரிம்மா, எந்தப் பட்டிலயும் சேத்துக்க மாட்டாங்க" என்பார். தெற்கத்திக்காரர்களுக்கு அப்பன் எழுத்து ஒன்று போதும். எப்படிப் பார்த்தாலும் 'க' உண்டு. சண்டை போட என்ன இருக்கிறது?

ஆனால் கருப்பசாமிக்குத்தான் நிலை கொள்ளவில்லை. ஷிப்ட் முடிந்து வந்தால் உட்கார மாட்டான். வாசலுக்கும் குழாயடிக்கும் நடப்பான். பீடியைப் பற்ற வைப்பான், பாதியில் மிதிப்பான். எழுத்துப் பேச்சை எடுத்தால், "இனிசியல்ல என்ன இருக்கு? பேரு நல்லாருந்தாப் பத்தாதா?" என்று எரிந்து விழுவான். பெயர் வைக்கும் நாளை இரண்டு தடவை தள்ளிப்போட்டான். முதல் தடவை ஷிப்ட் மாறிவிட்டது என்றான். அடுத்த தடவை, சானமாவுக் காட்டில் யானை இறங்கியிருக்கிறதாம், உறவுக்காரர்கள் எப்படி வருவார்கள் என்றான். யானை வருஷா வருஷம் இறங்குகிறது. அதற்காக எந்த வீட்டில் விசேஷம் நின்றது?

பெற்ற பிள்ளைக்குத் தன் எழுத்தைக் கொடுக்க ஒருவன் பயந்தால் காரணம் என்னவாக இருக்கும்? நான் ரொம்ப யோசிக்கவில்லை. குழாயடியில் பாப்பம்மாவிடம், "ஊர்ல ஏற்கெனவே ஒருத்தி இருப்பா போலிருக்குது" என்றேன். பொழுது சாய்வதற்குள் அதே செய்தி வேறு வாய் வழியாக என்னிடமே திரும்பி வந்தது. கூடவே இரண்டு பிள்ளைகளும் சேர்ந்திருந்தன.

ஜெயமணி காதுக்கும் போயிற்று. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என் வாசலில் வந்து நின்றாள்.

"அவரு எழுத்து ஒண்ணுதாங்கக்கா எனக்குச் சாட்சி. அது இல்லாம இந்தப் புள்ளைய நான் எப்படி இந்த லைன்ல தூக்கினு நடப்பேன்?"

யார் ஆரம்பித்தது என்று தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா, அவள் முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாவது தடவை நாள் குறித்தார்கள். கருப்பசாமியின் அம்மா பேச்சியம்மாள் கருப்பட்டிச் சிப்பத்தோடு வந்து இறங்கினாள். வந்ததிலிருந்து நான் ஒன்றைக் கவனித்தேன். மகனை 'ஐயா' என்றாள், 'ராசா' என்றாள், 'ஏலே' என்றாள். பெயர் சொல்லி மட்டும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. மூத்த மகன் ஊரில் இருக்கிறான் என்றாள். "அவரு பேரு என்னாம்மா?" என்று சும்மாதான் கேட்டேன். "பெரியவன்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிட்டாள். ஒரே வெற்றிலைக்கு அவ்வளவு நேரம் சுண்ணாம்பு தடவி நான் பார்த்ததில்லை.

விசேஷத்தன்று காலை. நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு மேலே ஜெயமணியின் குரல் வந்தது.

"உள்ளதச் சொல்லு. ஊர்ல எவளாச்சும் இருக்காளா?"

"எங்கம்மா இந்தா உக்காந்திருக்கா. அவ மேல சத்தியமா இல்லட்டி."

"அப்புறம் எதுக்கு உன் பேர எழுதக் கை வர மாட்டேங்குது?"

"அது எம் பேரு இல்ல."

என் கையிலிருந்த துடுப்பு நின்றது. களி அடிப்பிடித்தால் பிடிக்கட்டும்.

"கருப்பசாமி எங்க அண்ணன். அவன் பத்து பாசு. நான் கணக்குல போயிட்டேன். கம்பெனியில பத்து பாசு இருந்தாத்தான் எடுப்போம்னுட்டாங்க. அண்ணன் காட்டு வேலையே போதும்னு ஊர்ல இருந்துட்டான். அவன் சர்டிபிகேட்டக் காட்டி நான் சேந்துட்டேன். எம் பேரு பெருமாளு."

குழந்தை சிணுங்கியது. பிறகு பேச்சியம்மாள்:

"அந்த எழுத்தப் போட்டா எம் பேத்தி பெரியவன் பிள்ளையா ஆயிருவாளே தாயி. பெத்தவன் உசுரோட இருக்கையில இன்னொருத்தன் எழுத்தப் போடுததுக்கு எம் மனசு ஒப்பலம்மா."

"பெருமாளு எழுத்தப் போட்டா?"

"கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் பிள்ளை பேரக் குடுக்கணும்லா" என்றான் அவன். "அப்பன் பேரு ஒண்ணு, பிள்ளை எழுத்து ஒண்ணுன்னா தோண்டிக் கேப்பான். அன்னைக்கே கேட்டுக்கு வெளிய நிப்பேன்."

"ரெண்டு வருசமா நான் யாரக் கருப்பு கருப்புன்னு கூப்புட்டேன்?"

"என்னையத்தான்."

"யாருக்குக் கழுத்த நீட்டுனேன்?"

"எனக்குத்தாண்டி."

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். களி கருகிப் போயிருந்தது.

கிருஷ்ணப்பன் வீட்டு வழக்கப்படி நடு வீட்டில் பித்தளைத் தட்டில் பச்சரிசியைப் பரப்பி வைத்தார்கள். அப்பன்காரன் மோதிரத்தால் அந்த அரிசியில் குழந்தையின் பெயரை எழுதவேண்டும். அதற்குப் பிறகுதான் காதில் சொல்வது. லைன் மொத்தமும் உள்ளே நின்றது. எனக்குப் பின்னால் என் வீட்டுக்காரர். அவர் யூனியனில் இருப்பவர். அவர் காதில் ஒன்று விழுந்தால் அடுத்த ஷிப்டுக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிடும்.

"எழுதுங்க மாப்ள" என்றார் கிருஷ்ணப்பன். "எங்க ஊரெழுத்து முன்னால, உங்க எழுத்து பின்னால. யாருக்கும் கொறை வேணாம்."

பேச்சியம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவன் மோதிரத்தை அரிசியில் ஊன்றினான். ஊன்றிய இடத்திலேயே விரல் நின்றது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை தட்டில் விழுந்தது. பாப்பம்மா என் விலாவில் இடித்தாள். 'பார்த்தாயா, நீ சொன்னது சரிதான்' என்று அர்த்தம். எனக்கு வந்த படபடப்பில் நானே தட்டைத் தட்டிவிட்டு ஓடியிருப்பேன்.

ஜெயமணி குழந்தையை என் மடியில் போட்டாள். அவன் விரலிலிருந்து மோதிரத்தை உருவினாள். கெ. மஞ்சுளா என்று பளிச்சென்று எழுதினாள்.

"கெலமங்கலத்துல பொறந்தா. ஊரெழுத்து போதும்."

கிருஷ்ணப்பனுக்குப் பாதிச் சந்தோஷம், பாதிக் குழப்பம். "அப்பன் எழுத்து எங்கம்மா?"

"அப்பன் எழுத்து எதுக்குப்பா? அப்பனே பக்கத்துல உக்காந்திருக்காரு இல்ல?"

சிலர் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "உக்காந்துதான் இருக்காரு, எழுதத்தான் காணோம்" என்றது. அதற்கு இன்னும் கொஞ்சம் பேர் சிரித்தார்கள். அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. பேச்சியம்மாள் மட்டும் திரும்பி மருமகள் தலையில் கை வைத்தாள்.

"பள்ளிக்கூடத்துல கேப்பாகளே தாயி" என்று அவள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

"நடக்கவே இன்னும் கத்துக்கலயே அத்தை, பாத்துக்கலாம்" என்றாள் ஜெயமணி.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். "என்னாடி இது? சொந்தப் புள்ளைக்கு ஒரு எழுத்து குடுக்க மாட்டேன்றான். சங்கதி என்னா?"

சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. இத்தனை பெரிய சங்கதி என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்ததில்லை, இனிமேலும் கிடைக்காது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன்.

"நான்தான் சொன்னேனே, ஊர்ல ஒருத்தி இருக்கான்னு."

"அன்னிக்கு நீ சொன்னப்ப நம்பல. இன்னிக்குக் கண்ணால பாத்துட்டேன்" என்றார் அவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதையும் நம்பாத மனுஷன், பொய்யென்று எனக்கே தெரிந்த ஒன்றைப் போய் நம்பினார்.

மறுநாள் குழாயடியில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. ஜெயமணி இடுப்பில் குழந்தையோடு நின்றாள். பாப்பம்மாவுக்குப் பொறுக்கவில்லை, நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, அவருக்கு ஊர்ல வேற குடும்பம் இருக்குதாமே, நிஜமா?"

கம்பெனி பஸ்ஸுக்காக மூலையில் நின்றிருந்த கருப்பசாமியின் கையில் பீடி அப்படியே இருந்தது. அவனுக்கும் கேட்டிருக்கும். ஜெயமணி அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் எவ்வளவு உயரம் என்று அவளுக்கும் தெரியும்.

"ஆம்பள மனசுல என்னா இருக்குன்னு யாருக்குக்கா தெரியும்?" என்றாள். "இருந்தாலும் இருக்கும்."

"விருதுநகர்ப் பக்கமாம்" என்றேன் நான். "ரெண்டு பையனுங்களாம்."

பாப்பம்மாவின் கண் விரிந்தது. பஸ் வந்தது. அவன் பீடியை மிதித்துவிட்டு, லைன் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்த தலையோடு கருப்பசாமியாக ஏறினான்.

ஜெயமணி குழாய்க்குக் கீழே இருந்த தன் குடத்தைக் காலால் தள்ளி வைத்தாள்.

"உங்க கொடத்த வைங்கக்கா" என்றாள்.